பரணில் ஒரு ரயில்வே யார்டு... கொலுப் பெட்டி சொல்லிக்கொடுத்த பிளான்!

போன மாதம் நெய்வேலிக்குப் போயிருந்தபோது, அப்பா ஸ்டூல் மேல் நின்று பரணை அளந்துகொண்டிருந்தார். கீழே அம்மா ஸ்டூலைப் பிடித்தபடி நின்றார்.

"நீளம் ஒம்பதடி. ஆழம் ரெண்டடி. மேல சீலிங் வரைக்கும் ரெண்டரை அடி. எழுதிக்கோம்மா" என்றார் அப்பா.

எதற்கு என்று கேட்டேன்.

"உங்கப்பா ரயில் விடப்போறாராம்" என்றார் அம்மா.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி சுரங்கத்திலிருந்து அனல் மின் நிலையத்துக்கு பெல்ட்டில்தான் போகும். "முப்பது வருஷமா நிலக்கரி ஓடுறதைப் பார்க்கிறேன். ஒரு வேகனைக்கூட நான் இழுத்ததில்லை" என்பது அவருடைய நெடுநாள் குறை. அண்ணன் வாங்கிக்கொடுத்த மாடல் ரயில் செட் ஒன்று இரண்டு வருடமாகப் பெட்டியிலேயே தூங்குகிறது.

அப்பா ஓய்வுபெற இன்னும் 14 மாதம். டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு அர்த்தம் தெரியும். வட்டம் நம்பர் சொல்லி வளர்ந்த வீடு, குவார்ட்டர்ஸ். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வடலூரா, கடலூரா, சென்னையில் என்னோடா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

"காலி பண்ணப்போற வீட்டுல எதுக்குங்க பலகை அடிச்சுக்கிட்டு?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. இந்த வாரக் கட்டுரையே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பரண் வேறு, லாஃப்ட் வேறு

மாடல் ரயில் புத்தகங்களில் 'லாஃப்ட்' என்று படித்தால் ஏமாந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் அது சாய்வான கூரைக்குக் கீழே இருக்கும் ஓர் அறை. ஏணி வழியாக ஏறி உள்ளே நடமாடலாம். நம் வீட்டில் லாஃப்ட் என்பது ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பலகை. அதில் ரயிலை ஓட்ட ஆள் ஏற முடியாது. ஆழமும் இரண்டடிதான், அதாவது சுமார் 60 செ.மீ.

முதல் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது ஹெச்.ஓ. ஸ்கேல். அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இதில் சாதாரணமாகக் கிடைக்கும் மிகச் சிறிய வளைவின் ஆரமே சுமார் 36 செ.மீ. முழு வட்டம் போட்டால் விட்டம் 72 செ.மீ. பரணைத் தாண்டி ரயில் கீழே விழும்.

அடுத்தது 'என்' ஸ்கேல். 160-ல் ஒரு பங்கு, தண்டவாளம் 9 மி.மீ. இதன் சிறிய வளைவு 20 செ.மீ. ஆரத்துக்குள் வந்துவிடும் என்பதால் இரண்டடியில் வட்டம் தாராளமாக உட்காரும். ஆனால், சரக்கு ரயிலில் நாம் பார்க்கும் 'பாக்ஸ்-என்' வேகன் இதில் 7 செ.மீ. கூட இருக்காது. அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "இதைத் தண்டவாளத்துல ஏத்தி வைக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர்டு ஆயிடுவேன்" என்றார். ஏற்கெனவே வீட்டில் இருப்பதும் ஹெச்.ஓ. செட்தான். எனவே அதுதான் முடிவு. வட்டம் கிடையாது.

கொலு காட்டிய வழி

பரணைக் காலி செய்தபோது கீழே இறங்கியவை: ஓர் அண்டா, அண்ணனின் பத்தாம் வகுப்பு நோட்டுகள், அம்மாவின் கொலு பொம்மைப் பெட்டிகள் ஏழு. ஒவ்வொரு பொம்மையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டி மேல் 'தசாவதாரம்', 'செட்டியார் கடை', 'பார்க்' என்று எழுதியிருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கிய பொம்மைகள். மூன்று குவார்ட்டர்ஸ் மாறியும் ஒன்றுகூட உடையவில்லை.

அதைப் பார்த்ததும்தான் எங்களுக்கு பிளான் கிடைத்தது. கொலுவை யாரும் பரணில் வைப்பதில்லை. பரணில் இருப்பது பெட்டிதான். நவராத்திரி வந்தால் இறங்கும், ஹாலில் விரியும், முடிந்ததும் ஏறிவிடும். மாடல் ரயிலுக்கும் பரண் என்பது ஷெட். ஸ்டேஷன், சாப்பாட்டு மேஜை!

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1970-களில் தொடங்கிய 'என்-ட்ராக்' முறையும் இதே யோசனைதான். ஆளுக்கு இரண்டடி அகலம், நான்கடி நீளத்தில் ஒரு பலகை செய்து, கூடும் இடத்தில் ஒன்றோடொன்று பூட்டுவார்கள். நம் நாட்டில் புனேயில் பாவுசாகேப் ஜோஷி உருவாக்கிய மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் புகழ்பெற்றது. ஒரு நகரத்தையே ஹெச்.ஓ. அளவில் கட்டிவைத்திருக்கிறார்கள். 1998-ல் திறந்தார்கள். அது நிரந்தரக் கட்டடம். சொந்த இடம் இருப்பவர்களுக்கு அந்த வழி, நமக்குப் பலகை வழி.

ஆறடியில் ஆறாயிரம் ரயில்கள்

வட்டம் இல்லாமல் ரயில் எப்படி ஓடும்? இங்கிலாந்தின் ஆலன் ரைட் வடிவமைத்த 'இங்கிள்நுக்' யார்டு இதற்கென்றே பொருத்தமானது. இரண்டு பாயின்ட், மூன்று சைடிங். ஒரு சைடிங்கில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இன்ஜின் நிற்கும் பாதையில் இன்ஜினோடு 3 வேகன்களுக்கு மட்டும் இடம். மொத்தம் 8 வேகன்கள். எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த அதே வரிசையில் ஐந்து வேகன்களைக் கோத்து நிறுத்த வேண்டும். கணக்குப் போட்டால் 6,720 விதமான வரிசைகள் வரும். தினம் ஒன்று என்று ஆடினாலும் 18 வருடம் ஆகும்.

இடமும் அதிகம் வேண்டாம். ஹெச்.ஓ. அளவில் 'பாக்ஸ்-என்' வேகன் சுமார் 12.3 செ.மீ., பழைய டீசல் இன்ஜின் 20 செ.மீ. ஐந்தடிக்குள் அடக்கிவிடலாம் என்றாலும் நாங்கள் ஆறடி வைத்துக்கொண்டோம். மூன்றடியில் இரண்டு பலகைகள், அகலம் ஒன்றரை அடி. பரணில் அரை அடி மிச்சம் இருந்தால்தான் பின்னால் கைவிட்டுத் தூக்க முடியும்.

பலகை அடிக்கும்முன்...

* இரண்டு பலகைகளும் சேரும் இடத்தில் பாயின்ட் வரக் கூடாது. இரண்டு பாயின்ட்டுகளுக்கும் நடுவே நேர்த் தண்டவாளம் வைத்து, இணைப்பை அங்கே கொண்டுவாருங்கள்.

* ஒரு பலகையை ஒருவரே ஸ்டூலில் நின்று தூக்க முடிய வேண்டும். கனமான பிளைவுட் வேண்டாம். மெல்லிய பிளைவுட்டுக்கு அடியில் மரச்சட்டம் போதும்.

* மின்சாரம் 12 வோல்ட் டி.சி. தான். பலகைக்குப் பலகை வயரை நிரந்தரமாக இணைக்காமல் பிளக் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வயர் இருந்தால் மாட்டும்போது குழப்பம் வராது.

* மேலே மொட்டை மாடி என்றால் மே மாதத்தில் பரண் அடுப்பாகும். தண்டவாளங்களை நெருக்கி முட்டவிடாமல், விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள்.

* தூசி படிந்தால் இன்ஜின் நின்றுவிடும். பரணில் ஏற்றும்போது பழைய வேட்டியால் மூடுங்கள். இறக்கியதும் தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் துடைத்த பிறகே ஸ்விட்ச்.

* தெர்மாகோலில் மேடு செய்தால் ஃபெவிகால் போதும். ரப்பர் சொல்யூஷன் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நம் அகல ரயில் பாதை 1,676 மி.மீ. அதைச் சரியாகச் சுருக்கினால் 19 மி.மீ.க்கு மேல் வரும். கடையில் கிடைப்பது வெளிநாட்டுப் பாதைக்கான 16.5 மி.மீ. தான். உற்றுப் பார்த்தால் நம் இன்ஜின் ஒல்லியான பாதையில் நிற்பது தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தது. "பரவாயில்லை, வேகனை இழுக்குதுல்ல" என்று விட்டுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை பலகைகள் தயாராகின. யார்டு ஓரத்தில், பழைய சைக்கிள் டியூபை வெட்டி அப்பா ஒரு கன்வேயர் செய்திருக்கிறார். பெல்ட்டின் முனை வேகனுக்கு நேர் மேலே முடிகிறது. சீட்டுக் குலுக்கிப்போட அம்மாவைத்தான் கூப்பிட்டார். ஐந்து சீட்டுக்கும் அப்பாவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை அம்மா சொன்ன நகர்த்தல்தான் சரியாக இருந்தது.

பலகையைப் பரணில் ஏற்றும்போது, ஸ்டேஷன் பெயர்ப் பலகை மட்டும் காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

"எந்த ஊருக்குப் போறோம்னு முடிவானதும் எழுதலாம்னு இருக்கேன்" என்றார் அப்பா.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நெய்வேலின்னே எழுதுங்க. ஊரு மாறினா பெட்டி மேல எழுதின பேரா மாறுது?"

மஞ்சள் பெயின்ட் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கொண்டுபோகிறேன்.