பரணில் ஈரம்: குற்றவாளி யார்?

வீட்டில் ஈரம் கண்டால் முதலில் மழையின் மேல் பழி போடுகிறோம். அடுத்தபடியாக மொட்டை மாடியின் மேல். விசாரணை இல்லாமலே தீர்ப்பு! அப்படித் தீர்ப்பு எழுதி, அபராதத்தையும் நானே கட்டியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நவராத்திரிக்காகப் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கினோம். என் தாயார் காலத்துக் காகிதக் கூழ் பொம்மைகள் ஊறி, முகம் தெரியாமல் கிடந்தன. பரண் மூலையில் பூஞ்சணம். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அதைவிடப் பெரிய கண்டனம் உண்டா?

உடனே ஒரு மேஸ்திரி வந்தார். மாடிப்படி ஏறாமலே, "தளம் போச்சு, சார்" என்றார். பழைய தட்டோடுகளைப் பெயர்த்துப் புதிது பதித்தோம். மூலைக்கு வெள்ளையும் அடித்தோம். பங்குனியில், ஒரு துளி மழை இல்லாத வெயிலில், அதே மூலை மறுபடியும் நனைந்தது!

அடுத்து வந்த முதிய கொத்தனார் கரண்டியைத் தொடவில்லை. "ஐயா, மழை பெய்தால் மட்டும் நனைகிறதா, எப்போதுமா?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் முதலிலேயே பணம் கொடுத்திருக்க வேண்டும்.

மழையில் மட்டும் நனைந்தால் தளத்தையும், சுவர் விரிசலையும், அடைபட்ட மழைநீர்க் குழாயையும் பார்க்க வேண்டும். வெயிலிலும் நனைந்தால் தண்ணீர்த் தொட்டி, குழாய், மாடிக் குளியலறை. தரையிலிருந்து இரண்டு மூன்றடி மட்டும் ஏறியிருந்தால் பூமியின் ஈரம். சந்தேகமா? ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம். உட்புறம் கோத்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, தலைகாட்டும் இடம் வேறொன்று என்பதையும் மறக்கலாகாது.

எங்கள் வீட்டில் இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியில் நீர் மட்டத்துக்குக் கோடு போட்டோம். காலையில் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. மறுநாள் இரவு தொட்டியடி வால்வையும் மூடினோம், இறங்கவில்லை. ஆகவே தொட்டி நிரபராதி. சுவருக்குள் புதைத்த குழாயே குற்றவாளி!

இது பொம்மையோடு போகிற விஷயமன்று. கான்கிரீட்டுக்குள் ஈரம் தங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதன் கீழேதான் குழந்தைகள் தூங்குகிறார்கள். அந்த நிலையில் வெள்ளையடிப்பது வைத்தியமாகாது, நோயை மறைப்பதாகும்.

வீடு கட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள். சுவரைப் பூசுமுன் குழாய்கள் போகும் வழியைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். செலவு ஒன்றுமில்லை. நோயின் மூலத்தை அறிந்து மருந்து செய்யும்படி வள்ளுவர் வைத்தியருக்குச் சொன்னார். அது கொத்தனாருக்கும் பொருந்தும். கூலி கொடுக்கும் நமக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.