வாசலில் நில்லாத வணிகம்

வணிகத்தை நாம் வெறுப்பவர்கள் அல்லர். பஞ்சும் நூலும் மஞ்சளும் எந்திரமும் விற்று உயர்ந்த மண் கொங்கு மண். நம் வாசகருள்ளும் கடை வைத்துப் பிழைப்பவர் பலர். ஆகவே, விற்பவர் வாங்குபவரைத் தேடி வருவது குற்றம் என்று நாம் ஒருநாளும் கூறமாட்டோம். எவ்வாறு வருகிறார் என்பதே நம் வினா.

வளையல்காரரும் ஜவுளி மூட்டைக்காரரும் பாத்திரக்காரரும் நம் தெருக்களில் காலங்காலமாக வந்து போயினர். அவர்கள் தெருவில் நின்று குரல் கொடுத்தனர். வீட்டார் 'வாங்க' என்றால் திண்ணையில் மூட்டையை இறக்கினர். 'இன்னைக்கு வேண்டாமுங்க' என்றால் அடுத்த வீட்டுக்கு நடந்தனர். படிப்பறியா அந்த எளியவர்களிடம் இருந்த நாகரிகம், பட்டம் பெற்றோர் நடத்தும் பெருநிறுவனங்களிடம் இன்று உண்டா?

இல்லை என்பதைக் கைப்பேசி நாள்தோறும் மெய்ப்பிக்கிறது. மனை வேண்டுமா, கடன் வேண்டுமா, கடன் அட்டை வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று மணி ஒலிக்கிறது. உணவு வேளையிலும் ஒலிக்கிறது. நோயாளியின் அருகிலும் ஒலிக்கிறது. வேண்டாம் என்றால் மறுநாள் வேறோர் எண்ணிலிருந்து வேறொரு குரல் வருகிறது.

பிறர் இல்லத்தில் நுழையுமுன் அனுமதி கேட்கவும் வீட்டாருக்கு ஸலாம் உரைக்கவும் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் பணிக்கிறது. திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்றும் உரைக்கிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் விடை வராவிடில் போய்விடுக என்பது நபிமொழி. கதவுக்குச் சொன்ன இந்த ஒழுக்கம் காதுக்கும் பொருந்தாதா? தொலைபேசியும் இல்லத்தின் ஒரு வாசல் அன்றோ!

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2007-இல் தொல்லை வேண்டாதோர் பதிவேடு பிறந்தது. 2011-இல் விற்பனை அழைப்புகளுக்கென 140 எனத் தொடங்கும் எண்வரிசை நடைமுறைக்கு வந்தது. 2018-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் புதிய விதிகளை வகுத்தது. 2024 ஆகஸ்டில், பதிவின்றி அழைத்துத் தொல்லை தருவோரின் இணைப்புகளைத் துண்டிக்க ஆணையிட்டது. 2025 பிப்ரவரியில் விதிகளை மீண்டும் இறுக்கியது. இத்தனைக்குப் பின்னும் மணி ஓயவில்லை. ஏன்?

அடித்தளமே கோணல் என்பதுதான் நம் மறுமொழி. 'வேண்டாம் என்று பதிந்தவரை அழைக்காதே' என்கிறது நம் முறை. பதியாதவர் அனைவரும் இசைந்தவராகிவிடுகின்றனர்! மௌனம் சம்மதம் என்பது மணப்பந்தலுக்குப் பொருந்தலாம், சந்தைக்குப் பொருந்துமா? ஜெர்மனியில் நுகர்வோரின் வெளிப்படையான முன் இசைவு பெறாமல் விளம்பரத்துக்காக அழைப்பதே சட்டவிரோதம். 3 லட்சம் யூரோ வரை அபராதம் உண்டு. நமது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் முன் இசைவைப் பேசுகிறது. ஆனால், அதற்கு அரசு விதி செய்யலாம் என்கிறதேயன்றி, செய்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

தண்டனையையும் பாருங்கள். தொல்லை அழைப்புகளின் கணக்கைத் தவறாகக் காட்டும் தொலைபேசி நிறுவனத்துக்கு 2025 திருத்தம் விதிப்பது முதல் முறை 2 லட்சம் ரூபாய், அடுத்து 5 லட்சம், அதன் பின் ஒவ்வொரு முறையும் 10 லட்சம். கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு இது தண்டனையா, தேநீர்ச் செலவா?

'வேண்டாமெனில் துண்டித்துவிடலாமே, இதற்கேன் இத்தனை ஆவேசம்?' என்பாரும் உளர். துண்டிக்கலாம், நாமும் துண்டித்தோம். பின்னர் அறியாத எண் எதையுமே எடுப்பதில்லை என்ற பழக்கத்துக்கு ஆளானோம். தீங்கு அங்கேதான் முற்றுகிறது. மகன் வளைகுடாவில், மகள் சென்னையில். பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்றூரில் முதியவர் இருவர் மட்டும். விபத்து நேர்ந்தால் மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பும் அறியாத எண்ணே. குருதி கேட்டு அழைப்பவரின் எண்ணும் அறியாத எண்ணே. பொய்யாய் ஒலித்த ஆயிரம் மணிகள், மெய்யாய் ஒலிக்கும் ஒரு மணியைக் கொன்றுவிடுகின்றன. பொதுக்கிணற்றில் குப்பை கொட்டுபவரிடம், 'குடிக்காமல் போவது உம் உரிமை' என்று கேட்டுக்கொண்டு வாளா இருப்போமா?

'அழைக்கும் இளைஞர்களின் பிழைப்பு கெடாதா?' என்று கேட்பாரும் உளர். அவர்கள் மீது நமக்குச் சினம் இல்லை. வசவு வாங்குவதையே வேலையாக்கி அவர்களை அமர்த்தியவர் மீதுதான் சினம். அவர்களை ஏசாதீர்கள், ஏவியவரை விடாதீர்கள்.

தேனொழுகும் சொல்லின் விலையைக் கொங்கு நாடு நன்கறியும். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணமிட்டு இழந்த உழவர்கள் எத்தனை பேர்! அந்நியச் செலாவணி வாணிகம் என்று திருப்பூரில் திரட்டப்பட்ட பணத்துக்காக 2022-இல் கோவை நீதிமன்றம் 27 ஆண்டுச் சிறை விதித்ததையும் கண்டோம். அவை தொலைபேசியால் மட்டும் விளைந்தவை அல்ல. எனினும், கேளாமலே வரும் குரலுக்குச் செவி கொடுக்கப் பழகிய வீட்டில் திருடனும் அதே வாசல் வழியே எளிதில் நுழைவான். எனவேதான் விளம்பரத்துக்கு 140, கணக்கு விவகாரத்துக்கு 1600 எனத் தொடங்கும் எண்களையே பயன்படுத்துமாறு 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. 140 என்பது மூட்டைக்காரரின் கூவல் போன்றது. வருபவர் யாரென்று முன்னதாகவே தெரிவிக்கிறது. சாதாரணப் பத்திலக்க எண்ணில் வரும் விற்பனைக் குரலோ முகமூடி அணிந்தது.

நம் கடமையும் உண்டு. 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி விடுப்பது ஒரு நிமிட வேலை. தொல்லை வந்தால் 7 நாட்களுக்குள் எண்ணும் தேதியும் குறித்து முறையிடலாம். பதிவற்றவரிடமிருந்து வந்த அழைப்பாயின், நீங்கள் பதிவேட்டில் இல்லாவிடினும் முறையீடு செல்லும். பத்து நாட்களில் ஐவர் முறையிட்டால் அந்த எண்மீது நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஐவர் கூட நம் தெருவில் இல்லையா?

கிராஸ்கட் சாலையிலும் ஒப்பணக்கார வீதியிலும் துணி வாங்கினால் பில்லுக்கு எண் கேட்பார்கள். பணம் தந்தபின் எண் எதற்கு? வாடிக்கையாளரின் எண்ணை வற்புறுத்திக் கேட்கலாகாது என்று 2023-லேயே நுகர்வோர் விவகாரத் துறை வணிகருக்கு அறிவுறுத்தியிருக்கிறது. தயங்காமல் மறுப்போம். கடை வைத்திருக்கும் நம்மவரும் கேளாதிருக்கட்டும். பிறர் எண்ணைப் பெற்றவர் அதனை அமானிதமாகக் காக்கட்டும்.

அரசிடம் நாம் வேண்டுவது ஒன்றே: கேட்டவருக்கு மட்டுமே விற்பனை அழைப்பு என்பதைச் சட்டமாக்குக. 'விதி செய்யலாம்' என்பதைச் 'செய்தே தீரவேண்டும்' என்று திருத்துக. அழைக்க விரும்புவோர் முதலில் அனுமதி கேட்டு வாசலில் நிற்கட்டும். வாங்க என்பதா, வேண்டாம் என்பதா என்று வீட்டார் முடிவு செய்வர்.