ஒரு கருவி, நான்கு கணிப்பொறிகள்



இம்மாதம் ஒரு கடிதத்திலிருந்து தொடங்குவோம். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்கு அருகே பம்பு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை நடத்துகிற குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் எழுதுகிறார்:

"எங்கள் அலுவலகத்தில் நான்கு கணிப்பொறிகள் உள்ளன. பிரிண்டர் ஒன்று, வரைபட மென்பொருளுக்குரிய பூட்டு ஒன்று, பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிந்த பிறகு அத்தா பெயரில் வாங்கிய டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஒன்று. மூன்றும் யு.எஸ்.பி. கருவிகள். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் செருகுவதிலேயே பொழுது போகிறது. நெட்வொர்க் மூலம் இவற்றை நான்கு கணிப்பொறிகளுக்கும், முடிந்தால் டவுன்ஹாலில் இருக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் பொதுவாக்க இயலுமா? அத்தா உம்ராவுக்குப் புறப்படும் முன் இதைச் செய்துவிட எண்ணுகிறோம்."

இயலும் என்பதே நேரான விடை. ஆயினும் மூன்று கருவிகளுக்கும் ஒரே விடையைத் தந்துவிட முடியாது. ஏன் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முன்பெல்லாம் கணிப்பொறியின் பின்புறம் பிரிண்டருக்கு ஒரு துளை, மவுசுக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை என்று வெவ்வேறு வடிவங்களில் இருந்தன. இக்குழப்பத்தைத் தீர்க்க இன்டெல், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 7 நிறுவனங்கள் ஒன்றுகூடி உருவாக்கியதே யு.எஸ்.பி. முறை. 1996 ஜனவரியில் அதன் முதல் பதிப்பு வெளிவந்தது. இப்பணியில் முன்னின்ற இன்டெல் பொறியாளர் அஜய் பட், குஜராத்தின் வதோதராவில் கல்வி பயின்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஒரு கணிப்பொறி, அதன் கீழ் பல கருவிகள்: இதுவே யு.எஸ்.பி.யின் அடிப்படை ஏற்பாடு. ஒரு கணிப்பொறி 127 கருவிகள் வரை ஏற்கலாம். ஆனால் ஒரு கருவி ஒரு நேரத்தில் ஒரே கணிப்பொறிக்குத்தான் கட்டுப்படும். கம்பியின் நீளத்துக்கும் எல்லை உண்டு, யு.எஸ்.பி. 2.0 முறையில் அது 5 மீட்டர். ஆகவே ஒரு கருவியைப் பலர் பயன்படுத்த விரும்பினால், இடையில் வேறோர் ஏற்பாடு தேவைப்படுகிறது.

மிக எளிய ஏற்பாட்டுக்கு நெட்வொர்க்கே வேண்டியதில்லை. 1990களில் டி.டி.பி. நிலையங்களில் இரண்டு கணிப்பொறிகளுக்கு ஒரே பிரிண்டரை வைத்துக்கொண்டு, இடையில் ஒரு பெட்டியின் திருகைத் திருப்பித் திருப்பி வேலை செய்ததைக் கண்டவர்கள் நினைவுகூரலாம். அதே பெட்டி இன்று பொத்தான் வைத்த யு.எஸ்.பி. சுவிட்சாகக் கடைகளில் கிடைக்கிறது. பக்கத்துப் பக்கத்து மேசைகளுக்கு அதுவே போதுமானது.

இரண்டாவது ஏற்பாடு, கருவியைப் பொதுவாக்காமல் அது செய்யும் வேலையை மட்டும் பொதுவாக்குவது. சகோதரரின் பிரிண்டருக்கு இதுவே உகந்தது. பிரிண்டர் இணைந்துள்ள கணிப்பொறியில், விண்டோஸின் பிரிண்டர் அமைப்புகளுக்குள் சென்று அதைப் பகிர்வதற்கு அனுமதி கொடுத்துவிட்டால், மற்ற மூன்று கணிப்பொறிகளும் அச்சிடும் வேலைகளை அதனிடம் அனுப்பும். அது வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அச்சிடும். முதல் கணிப்பொறி அணைந்திருந்தால் யாருக்கும் அச்சு வராது என்பதே இதிலுள்ள குறை. அடுத்த முறை பிரிண்டர் வாங்கும்போது வைஃபை அல்லது நெட்வொர்க் இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அக்குறையும் நீங்கும். பிரிண்டருடன் ஸ்கேனரும் சேர்ந்திருந்தால், இவ்வாறு பகிரும்போது அச்சு மட்டுமே பொதுவாகும், ஸ்கேன் பொதுவாகாது. ஸ்கேன் செய்ததைப் பகிர்ந்த ஃபோல்டர் ஒன்றில் சேமித்து, மற்றவர்கள் எடுத்துக்கொள்ளச் செய்யலாம். பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்கும் இதுவே விதி: ஃபோல்டரைப் பகிருங்கள், கருவியைப் பகிர வேண்டாம்.

மூன்றாவது ஏற்பாடுதான் சகோதரர் கேட்டது. யு.எஸ்.பி. கருவிக்கும் கணிப்பொறிக்கும் இடையே நடக்கும் உரையாடலை அப்படியே உறையிலிட்டு, நெட்வொர்க் வழியே வேறொரு கணிப்பொறிக்கு அனுப்புவது. தொலைவிலிருக்கும் கணிப்பொறி, கருவி தன்னிடமே செருகப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளும். ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தகாஹிரோ ஹிரோஃபுச்சியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இவ்வகையில் உருவாக்கிய முறையை 2005இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். யு.எஸ்.பி.ஐ.பி. எனப்படும் அம்முறை பின்னர் லினக்ஸில் சேர்ந்தது; விண்டோஸுக்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. இதே வேலையைச் செய்யும் கட்டண மென்பொருள்களும் தனிப்பெட்டிகளும் சந்தையில் உண்டு. ஆயினும் இங்கேயும் பழைய விதி மாறவில்லை. கருவி ஒரு நேரத்தில் ஒருவருக்கே கிடைக்கும். அவர் விட்ட பிறகே அடுத்தவர் எடுக்கலாம்.

இனி வரைபட மென்பொருளின் பூட்டுக்கு வருவோம். கோவையில் வார்ப்புப் பட்டறைகளின் அச்சு வரைபடம் முதல் திருப்பூரில் எம்பிராய்டரி வடிவமைப்பு வரை, விலையுயர்ந்த மென்பொருள்கள் பலவற்றுடன் இத்தகைய சிறு பூட்டு வருவதுண்டு. பூட்டு செருகியிருந்தால்தான் மென்பொருள் இயங்கும். யு.எஸ்.பி.ஐ.பி. போன்ற முறையில் இதைப் பெரும்பாலும் பகிர முடியும். ஆனால் நாம் வாங்கியது எத்தனை பேருக்கான உரிமை என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். ஒரே மேசைக்கு என்று எழுதியிருந்தால், தொழில்நுட்பம் அனுமதிப்பதை ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை என்று பொருள். பல மேசைகளுக்கு வேண்டுமெனில் நெட்வொர்க் பூட்டு உண்டா என்று விற்றவரிடமே கேட்பது முறை. அதில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று கணக்கு வைத்தே உரிமை வழங்குகிறார்கள்.

எஞ்சியிருப்பது அத்தாவின் டோக்கன். இதைப் பார்ப்பதற்குப் பென் டிரைவ் போலவே இருக்கும். ஆயினும் இதன் இயல்பு வேறு. இதனுள் இருக்கும் ரகசியத் திறவுகோலை வெளியே நகலெடுக்க முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். டோக்கன் செருகப்பட்டு, கடவு எண்ணும் இடப்பட்டால், அந்தக் கணிப்பொறியிலிருந்து போகும் ஆவணம் அத்தா கையெழுத்திட்ட ஆவணமாகிவிடும். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இக்கையொப்பத்துக்குக் கைப்பட இட்ட கையெழுத்துக்குரிய மதிப்பை அளிக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்கு, கம்பெனி பதிவாளருக்குரிய படிவங்கள், மின் ஒப்பந்தப்புள்ளி ஆகியவை இதன் பெயரில் போகின்றன.

டோக்கனை நெட்வொர்க்கில் இணைத்து, கடவு எண்ணையும் நான்கு பேருக்குச் சொல்லிவிட்டு ஊருக்குப் போவது, வெற்றுப் பத்திரங்களில் கையெழுத்திட்டு மேசைமேல் வைத்துப் போவதற்கு ஒப்பாகும். நான்கு பேரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் யு.எஸ்.பி.ஐ.பி. முறை தானாக எதையும் மறையாக்கம் செய்வதில்லை. யார் கேட்கிறார் என்று ஆராய்வதுமில்லை. அந்த நெட்வொர்க்கில் நுழைந்துவிட்ட எவருக்கும் கருவி எட்டக்கூடும். அதையே டவுன்ஹால் வரை இணையத்தில் நீட்டினால் ஆபத்தும் நீளும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. அதன் 42ஆம் பிரிவு, தம் திறவுகோலைத் தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கத் தக்க கவனம் எடுத்துக்கொள்வது உரியவரின் கடமை என்கிறது. அது பிறர் வசமாகிவிட்டால், சான்று வழங்கிய நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். பிறருடைய மின் கையொப்பத்தை நேர்மையின்றிப் பயன்படுத்துவோருக்கு 66சி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் தவறு நடந்த பின், "நான் ஊரில் இல்லை" என்று நிறுவ அலைய வேண்டியவர் அத்தாவே.

அப்படியாயின் வழி என்ன? இந்த டோக்கன் நாள் முழுதும் தேவைப்படும் கருவியே இல்லை. மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வோருக்கு 11, 20 ஆகிய இரு கெடு தேதிகள். அவற்றையொட்டிச் சில நிமிட வேலை. அதற்காக ஓர் உரையாடல் வழியை ஆண்டு முழுதும் திறந்து வைப்பானேன்? டோக்கன் அத்தாவின் அலமாரியில் இருக்கட்டும். ஆடிட்டர் கணக்கை ஆயத்தம் செய்து அனுப்பட்டும். அத்தா படித்துப் பார்த்து, தாமே செருகி, தாமே கடவு எண்ணை இட்டுக் கையொப்பமிடட்டும். கடவு எண்ணைச் சீட்டில் எழுதி டோக்கனிலேயே ஒட்டிவைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

உம்ரா பயணத்தைப் பொறுத்தவரை, பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் இருந்தாக வேண்டும். ஆகவே உங்கள் நிறுவனத்திலும் அத்தாவைத் தவிர இன்னொருவர் இருப்பார். அவருக்கு அவர் பெயரிலேயே தனி டோக்கன் வாங்குங்கள். இயக்குநர் குழுத் தீர்மானம் நிறைவேற்றி, ஜி.எஸ்.டி. தளத்திலும் அவரை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்த்துவிடுங்கள். அத்தா திரும்பும் வரை அவர் தம் பெயரில், தம் பொறுப்பில் கையெழுத்திடுவார். சான்று பெறச் சில நாட்கள் ஆகலாமாதலால், பயணத் தேதி நெருங்கும் வரை காத்திராமல் இவ்வாரமே தொடங்குவது நலம்.

இதைப் படிக்கும் இல்லத்தரசிகளுக்கும் ஒரு சொல். பல குடும்ப நிறுவனங்களில் மனைவியோ தாயோ இயக்குநராகப் பதிவாகியிருப்பார். அவருடைய டோக்கன் எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அது உங்கள் கையெழுத்து. உங்களிடம் உள்ள அமானிதம். இன்றே கேட்டு வாங்கி, கடவு எண்ணை மாற்றி, உங்கள் பெயரில் இதுவரை என்னென்ன தாக்கலாகியிருக்கிறது என்பதையும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.