சளி வராதவர்களுக்கும் ஒரு சோதனை

காசநோய் சோதனைக்கு வருபவரின் கையில் டப்பாவைக் கொடுக்கும்போதே, "எச்சிலைத் துப்பிறாதீங்க, நல்லா இருமிச் சளியை எடுங்க" என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுவார்கள். நியாயமான கண்டிப்புதான். கிருமி குடியிருப்பது நுரையீரலில். வெறும் எச்சிலில் தேடினால் பல நேரம் அகப்படாது. ஆனால் எவ்வளவு இருமினாலும் சளி வராதவர்கள் உண்டு: குழந்தைகள், முதியவர்கள், எச்ஐவி தொற்று உள்ளவர்கள், நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள். இவர்களுக்காக நாக்கிலிருந்து மாதிரி எடுக்கும் முறையைத் தாமிரபரணிப் பக்கத்துப் பீடி ஊர்களில் அரசு சோதித்துப் பார்க்க வேண்டும்.

இருமும்போது மேலேறி வரும் கிருமிகளில் சில நாக்கின் சொரசொரப்பில் தங்கிவிடுகின்றன. பஞ்சுக்குச்சியால் அதை வழித்தெடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் கான்ஜலோசியின் குழு இதைத் தென்னாப்பிரிக்க நோயாளிகளிடம் ஆராய்ந்திருக்கிறது. கருவிக்கும் வெளிநாடு போக வேண்டியதில்லை. கோவா நிறுவனத்தின் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடும். சளிச் சோதனைக்கு 2020-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றது.

பீடி ஊர்களை ஏன் சொல்கிறேன்? முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வீடுகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் புகையிலைத் தூளோடு இருக்கிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சுற்று போச்சு. இருமலையோ 'நெடி' என்று தள்ளிவிடுவது எளிது. நோயாளி வரட்டும் என்று காத்திருக்கும் சோதனை இவர்களை எட்டாது. வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்த மாத்திரை கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. அந்தத் திட்ட ஊழியரின் பையில் பஞ்சுக்குச்சிக்கும் இடம் இருக்கும்.

நாக்கு மாதிரி சளியைவிடக் குறைவாகவே கண்டுபிடிக்கும், கிருமி கொஞ்சமாக இருந்தால் தவறவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் 1882-இல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்ட காலந்தொட்டு நாம் நம்பிவந்த நுண்ணோக்கிச் சோதனையும் ஏறக்குறையப் பாதிப் பேரைத் தவறவிடுவதுதான். 2012-இல் அமெரிக்கா வீட்டுப் பயன்பாட்டுக்கு அனுமதித்த எச்ஐவி வாய்ச் சோதனை, தொற்றுள்ள பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தவறவிடக்கூடியது என்று தெரிந்தேதான் அனுமதி கொடுத்தார்கள். சளி கொடுக்க முடிந்தவரிடம் சளியையே வாங்க வேண்டும். முடியாதவரிடம் நாக்கு மாதிரி. 'இல்லை' என்று முடிவு வந்தும் இருமல் நிற்காவிட்டால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். இந்த நிபந்தனையை எழுதிவைக்காமல் தொடங்குவது ஆபத்து.

இன்னொரு அச்சம் எனக்கும் உண்டு. எச்சிலை வைத்தே எல்லா நோயையும் சொல்லிவிடுவோம் என்று கடை விரிப்பவர்கள் வருவார்கள். வாய்ப்புற்றுநோய்க்கு இன்றும் முதல் வேலை டாக்டர் வாயைத் திறந்து பார்ப்பதும், சந்தேகமான இடத்தில் சதையெடுத்துச் சோதிப்பதும்தான். எந்த எச்சில் சோதனையும் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அதனால்தான் இதை அரசே, ஒரு நோய்க்கு மட்டும், கணக்கு வைத்துச் செய்ய வேண்டும் என்கிறேன்.

சானடோரியத்தில் படுக்கவைத்தால்தான் காசநோய் தீரும் என்றிருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, ஏழைகளின் வீட்டிலேயே மருந்து கொடுத்தும் குணப்படுத்தலாம் என்று காட்டியது. அன்று இரு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். நெல்லை மருத்துவக் கல்லூரியும் அப்படியே தொடங்கலாம்: சளி தர முடிந்த ஒவ்வொருவரிடமும் நாக்கு மாதிரியும் எடுத்து, இரண்டின் முடிவுகளையும், தவறியவை உட்பட, வெளியிட வேண்டும்.