ஒரு பாகப்பிரிவினை

நம் சங்கத்து அன்னையர் சிலர் குறைபட்டுக் கொள்வதுண்டு: "பிள்ளை இரவு பத்து மணிக்குமேலும் கம்ப்யூட்டர்முன் அமர்ந்து, 'பொதுக் கான்ஃபிகிலிருந்து மெசேஜிங்கைப் பிரிக்கிறேன்' என்கிறான். அப்படியென்ன பாகப்பிரிவினை?" சொல் பொருத்தமானதே. உண்மையில் நடந்த ஒன்றைக் கொண்டு விளக்க முயல்வோம்.

ஓப்பன்ஸ்டாக் என்னும் கிளவுட் மென்பொருளை 2010-இல் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் அமெரிக்க நாசாவும் கூடித் தொடங்கின. நோவா, நியூட்ரான் எனப் பல பகுதிகள் வாழும் பெருங்குடும்பம் அது. ஒவ்வொரு பகுதியின் உட்கூறுகளும் தமக்குள் வேலை ஏவுவது பெரும்பாலும் ராபிட்எம்க்யூ போன்ற செய்தித் தரகர் வழியாகத்தான். அவ்வாறு செய்தி அனுப்பும் உறுப்போ, ஒவ்வொரு பகுதியிலும் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தது.

அவ்வுறுப்பு தரகரின் முகவரியையும் கடவுச்சொல்லையும் எவரிடமும் கேட்பதில்லை. நிரல் முழுமைக்கும் பொதுவான அமைப்புப் பெட்டகத்தைத் தானே திறந்து எடுத்துக்கொள்ளும். உக்கிராண அறையின் சாவி எல்லோர் இடுப்பிலும் தொங்கினால், பருப்பு குறைந்தது எவரால் என்று எப்படி அறிவது? ஒரு சோதனைக்காக மாற்றிய முகவரியைத் திரும்ப வைக்க மறந்தால், அடுத்த சோதனையும் அந்த முகவரிக்கே செய்தி அனுப்பித் தோற்கும். குற்றமற்ற நிரலில் பிழை தேடி ஒருவர் இரவைக் கழிப்பார். அன்றியும், பொதுப் பெட்டகத்தில் எழுதியிருப்பது ஒரு தரகரின் விவரமே. ஒரே நிரல் இரு தரகருடன் பேச வேண்டிவரின் என் செய்வது?

2013-இல் அவ்வுறுப்பு ஓஸ்லோ.மெசேஜிங் என்ற தனி லைப்ரரியாக உருப்பெற்றது. (1993-ஆம் ஆண்டின் ஓஸ்லோ சமாதான உடன்படிக்கையை நினைந்து வைத்த பெயராம், சண்டை எத்தகையதாயிருந்தது என்பதை ஊகிக்கலாம்.) இனி உக்கிராணத்தில் அது எட்டிப் பார்ப்பதில்லை. அழைப்பவரே அமைப்பை வாசலில் கையில் கொடுத்தாக வேண்டும். தரகரின் முகவரியையும் வேண்டுமாயின் தனியே கொடுக்கலாம். இதனால் ஒரே நிரலில் இரு தரகருக்கு இரு வழிகள் திறக்கலாயின. நோவா பின்னர்ப் பல 'செல்'களாகப் பிரிந்து, செல்லுக்கு ஒரு செய்தி வரிசை வைத்துக்கொண்டபோது இவ்வசதி பெரிதும் உதவிற்று.

முழுப் பிரிவினை என்று சொல்ல மாட்டோம். வாசலில் கொடுக்கும் அமைப்பும் ஓஸ்லோ.கான்ஃபிக் என்ற உடன்பிறப்பு லைப்ரரியின் வார்ப்பிலேதான் இருக்க வேண்டும். வீடு பிரிந்தது, கிணறு பொது.

செலவும் உண்டு. பெட்டகத்தை நம்பி எழுதிய ஒவ்வோர் அழைப்பையும் தேடிப் பிடித்து, அமைப்பைக் கைக்குக் கை கடத்தித் திருத்தி எழுத வேண்டும். பத்து மணிக்குமேல் அன்னையர் காண்பது பெரும்பாலும் அந்த வேலையைத்தான்.