கணவன் வீட்டுக்கு விருந்தாளி

பெண் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறார். கல்யாணம் முடிந்த கையோடு அவர் விமானம் ஏறிவிட்டார். அங்கே போனதும் மனைவியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டார். "3 ஆண்டுகளுக்கு இவள் செலவுக்கு நானே பொறுப்பு" என்று கையெழுத்தும் போட்டார்.

அவள் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க உத்தரவு வரவேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும். ஆண்டும் தாண்டலாம். அதுவரை என்ன செய்வது? "ஒரு தடவை போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று அந்தப் பெண் விருந்தாளி விசா கேட்கிறாள்.

இங்கேதான் சங்கடம்.

புகுந்த வீட்டுக்குப் புறப்படும் பெண்ணிடம் யாராவது "எப்போது திரும்பி வருவாய்?" என்று கேட்பார்களா? கேட்டால் அபசகுனம்! ஆனால், விசா அதிகாரிக்கு அதுதான் முக்கியமான கேள்வி. "நிரந்தரமாக வருகிறேன்" என்று ஒரு மனு. "திரும்பிப் போய்விடுவேன்" என்று இன்னொரு மனு. இரண்டும் ஒரே பெண்ணுக்காகப் போட்டவை. எது உண்மை?

இரண்டுமே உண்மைதான். கனடா நாட்டுச் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. 2001-ம் ஆண்டில் இயற்றிய குடிவரவுச் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்வது இதுதான்: ஒருவருக்கு நிரந்தரமாகக் குடியேற ஆசை இருக்கலாம். அதற்காக அவரைத் தற்காலிகமாக வரவிடாமல் தடுக்க வேண்டியதில்லை. கெடு முடிந்ததும் திரும்பிவிடுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வந்தால் போதும்.

நல்ல சட்டம்! 2023-ம் ஆண்டு மே மாதம் கனடா அரசு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இப்படிக் காத்திருக்கும் கணவன் மனைவியர் கேட்கும் விசாக்களில் பெரும்பாலானவற்றை 30 நாளில் முடிப்போம் என்று அறிவித்தது.

இருந்தும் மறுப்புக் கடிதங்கள் வருகின்றன. அவற்றில் எழுதும் காரணம் என்ன தெரியுமா? கனடாவில் குடும்பத் தொடர்பு இருக்கிறதாம்! புருஷன் அங்கே இருப்பதே குற்றம் ஆகிவிட்டது. எதற்காகப் போக வேண்டுமோ, அதையே காட்டி வரக்கூடாது என்கிறார்கள். இதை எதிர்த்து அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்காடி வென்றவர்கள் உண்டு. எல்லோராலும் வக்கீல் வைக்க முடியுமா? சட்டப் புத்தகத்தில் உள்ள இரக்கம் அதிகாரியின் மேஜைக்கும் வரவேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை இதைவிடக் கடினம். விருந்தாளியாக வருகிறேன் என்பவரையும் குடியேற வருகிறவர் என்றே நினைக்கச் சொல்கிறது 1952-ம் ஆண்டுச் சட்டம். இல்லை என்று காட்டுவது வருகிறவர் பாடு. இந்த ஒன்றிலாவது அமெரிக்கா தன் பக்கத்து வீட்டைப் பார்த்துத் திருந்தலாம்.

"கல்யாணம் ஆனதைச் சொல்லாதே. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று எழுது." இப்படி யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்! கணவர் போட்ட மனு அதே அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. பொய் வெளிப்பட்டால் கனடா 5 ஆண்டுகளுக்குக் கதவைச் சாத்திவிடும். அமெரிக்காவில் ஆயுள் முழுவதும் தடை வரலாம்.

உள்ளதைச் சொல்லுங்கள். கணவர் போட்ட மனுவின் எண்ணைக் காட்டுங்கள். ஊரில் வேலை இருந்தால் லீவுக் கடிதம் வையுங்கள். படிக்கிற பெண்ணாக இருந்தால் கல்லூரியில் கடிதம் வாங்குங்கள்.

கனடாவில் விருந்தாளி பொதுவாக 6 மாதம் தங்கலாம். கெடு முடிவதற்கு முன்பே நீட்டிக்கச் சொல்லி மனுப் போட்டால், பதில் வரும்வரை அங்கேயே இருக்கலாம்.

இன்னொன்று. குடியிருப்பு மனுவைக் கனடாவுக்கு வெளியே இருப்பவராகப் போட்டீர்களா, உள்ளே இருப்பவராகப் போட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவர் என்றால் போய் வரலாம். உள்ளே இருப்பவர் என்று போட்டுவிட்டு, தாயாரைப் பார்க்க ஊருக்கு வந்து, திரும்பிப் போக விசா கிடைக்காமல் நின்றுவிட்டால், அந்த மனுவே கையை விட்டுப் போய்விடலாம்.