பதிவு சர்வரிலேயே ஓடட்டும்

“நேற்று மதியம் சர்வர் ஏன் தொங்கியது?” என்று வாடிக்கையாளர் கேட்கும் நேரத்தில் சர்வர் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். அப்போது உள்ளே நுழைந்து ‘டாப்’ கட்டளையைப் பார்த்து என்ன பயன்? நேற்றைய எண்கள் வேண்டும். யாராவது முன்பே பதிவுக்கு ஏற்பாடு செய்திருந்தால்தான் அவை கிடைக்கும்.

ஏற்பாடு செய்கிறவர்களிலும் பலர் பதிவை எங்கே ஓட்டுவது என்பதில் சறுக்குகிறார்கள். தங்கள் மேசையில் விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்து, தொலைவிலுள்ள சர்வரின் கவுன்ட்டர்களை நெட்வொர்க் வழியே இழுத்து எழுதுகிறார்கள். ரிமோட் ரெஜிஸ்ட்ரி சேவை ஓட வேண்டும், ஃபயர்வால் வழிவிட வேண்டும். எல்லாம் அமைந்தாலும், சர்வர் மூச்சுத் திணறும்போது இணைப்பும் அறுந்துபோகலாம். நமக்கு வேண்டிய அதே இடத்தில் கிராஃபில் ஓட்டை விழும். ‘லாக்மேன்’ கட்டளையால் பதிவைச் சர்வரிலேயே ஓடவிடுவதுதான் சரி. பழையதன்மேல் புதியதை எழுதும் பைனரி கோப்பாக வைத்து, உச்ச அளவும் கொடுத்துவிட்டால் டிஸ்க் நிரம்பும் என்ற பயமில்லை. பிறகு சாவகாசமாகக் கோப்பை எடுத்துவந்து ‘ரீலாக்’ கட்டளை கொண்டு சிஎஸ்வி ஆக்கிக்கொள்ளலாம்.

லினக்ஸில் இந்த வேலைக்கு ‘சிஸ்ஸ்டாட்’ இருக்கிறது. நிறுவியதோடு விட்டுவிடாமல் சேகரிப்பு உண்மையில் ஓடுகிறதா என்று பாருங்கள்; டெபியனில் அதை நாமே இயக்கிவிட வேண்டியிருந்தது பலருக்கும் தாமதமாகத்தான் தெரியவந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் இடைவெளி. வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒரு வரி. சிபியு 30 விநாடி 100 சதவீதத்தில் கிடந்து, மீதி 570 விநாடி 10 சதவீதத்தில் இருந்தால் சிஸ்ஸ்டாட்டின் ‘சார்’ கட்டளை காட்டும் சராசரி 14.5. அந்த எண்ணைப் பார்த்து, சர்வரில் குறையில்லை, உங்கள் நெட்வொர்க்கைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவோம்! இடைவெளியை 1 நிமிடமாக்கினால், அதே 30 விநாடி ஒரே நிமிடத்துக்குள் விழும்பட்சத்தில் சராசரி 55. ஐயப்பட அது போதும். கோப்பு பத்து மடங்கு பெருக்கும் என்று தயங்குவது இன்றைய டிஸ்க் அளவுகளுக்குப் பொருந்தாத சிக்கனம்.

சிஸ்ஸ்டாட் கோப்பை நம் கணினிக்கு இறக்கியபின் திறக்கவில்லையென்றால் அது கெட்டுப்போனதாக முடிவுகட்ட வேண்டாம். சிஸ்ஸ்டாட் பதிப்பு மாறினால் பைனரி வடிவமும் மாறலாம். சர்வரிலேயே அதன் ‘சாட்எஃப்’ கட்டளையை ஓட்டி எழுத்துக் கோப்பாக மாற்றிக் கொண்டுவருவது நல்லது. அப்போது நேரத்தையும் கவனியுங்கள்: ‘சார்’ உள்ளூர் நேரம் காட்டும், ‘சாட்எஃப்’ சும்மா விட்டால் யுடிசி தரும். இந்திய நேரத்தில் எழுதப்பட்ட அப்ளிகேஷன் லாகோடு அதை அப்படியே ஒட்டிப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளி வேறொரு சிக்கலைத் துரத்திக்கொண்டிருப்போம்.